சுட்டும் வினாவும்: சுவாசப்பை நோய்களில் உயிரியற் சுட்டிகள்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எங்களில் ஒருத்தி நெஞ்சுநோய் வார்ட்டில் வேலை செய்பவள். மற்றவள் ஆய்வுகூடத்தில். ஒருத்தி கேட்கும் வினாவுக்கு மற்றவள் விடை தேடுகிறாள் என்பதால் இருவரும் சேர்ந்தே இந்த உரையை எழுதினோம், 'நாங்கள்' என்றே பேசுகிறோம். எந்தப் பந்தியை எவள் எழுதினாள் என்று கண்டுபிடிக்க முயலவேண்டாம். பார்த்தெழுதும் பழக்கம் எங்களுக்கு இருக்கவில்லை என்பதற்கு முன்வரிசையில் இருக்கும் ஆசிரியைகள் சாட்சி.

செயற்குழு எங்களிடம் "மருத்துவம் பற்றி எல்லோருக்கும் விளங்கக்கூடியதாக ஏதாவது" என்று கேட்டது. சுவாசப்பை நோய்களைக் கண்டறியவும் அவற்றின் போக்கைக் கவனிக்கவும் குருதியிலும் சளியிலும் மூச்சுக்காற்றிலும் நாங்கள் தேடும் அடையாளங்களைத் தெரிவுசெய்தோம். காரணம் உங்களுக்கே தெரியும். 2020, 2021ஆம் ஆண்டுகளுக்குப் பிறகு ஒவ்வொரு குடும்ப வட்ஸ்அப் குழுவிலும் ஆய்வுகூட அறிக்கைகளின் படங்கள் வருகின்றன. ஓர் எண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே ஒரு வரி: "அம்மாவுக்கு இது கூடிப்போச்சு, பயப்பட வேணுமா?" நாங்கள் திருப்பிக் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "இந்தச் சோதனையை ஏன் எடுத்தவை?" பலருக்கு இது எரிச்சலூட்டுகிறது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்கிறாளே என்று. அந்த எதிர்க்கேள்விக்கான விளக்கம்தான் இன்றைய பேச்சு.

முதலில் பெயர். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் உடலின் உறுப்புகளுக்கும் நோய்களுக்கும் தமிழ்ப் பெயர் தேடியவர். அவர் காலத்தில் இந்தச் சொல்லுக்குத் தேவை இருக்கவில்லை. நாங்கள் 'உயிரியற் சுட்டி' என்று வைத்துக்கொள்கிறோம். சுட்டி என்றால் குழப்படிக்காரப் பிள்ளை என்ற பொருளும் உண்டு. இவற்றோடு வேலை செய்கிறவர்களுக்கு அதுவும் பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் நாங்கள் நினைத்தது தமிழ் இலக்கண வகுப்பை. அ, இ, உ சுட்டெழுத்துகள் என்று மனனம் செய்தோம். இந்தியாவில் வழக்கொழிந்துவிட்ட 'உது', 'உவன்' எங்கள் வாயில் இன்னும் இருப்பதில் ஆசிரியைக்குப் பெரிய பெருமை. அதே பாடத்தின் அடுத்த பகுதி வினா எழுத்துகள். எது, எவன் என்று ஒருவர் கேட்ட பிறகுதான் இது, அது, உது என்பவற்றுக்குப் பொருள் வருகிறது. வினா இல்லாமல் ஒருவர் "உது" என்று விரலை நீட்டினால் எதைப் பார்ப்பது?

ஆய்வுகூடத்திலும் அப்படித்தான். ஒரு சுட்டியிடம் நாங்கள் கேட்கக்கூடிய கேள்விகள் பல வகை. இது இன்ன நோயா? எவ்வளவு கடுமை? எந்த மருந்து பயன்தரும்? கொடுக்கிற மருந்து வேலை செய்கிறதா? ஒரு கேள்விக்கு மிக நன்றாக விடை தரும் சுட்டி அடுத்த கேள்விக்கு வாயே திறக்காமல் இருக்கும், அல்லது தவறான விடை தரும்.

எல்லோரும் அறிந்த சி.ஆர்.பி.யில் தொடங்கலாம். இது சுவாசப்பை நோயிலிருந்தே பிறந்த சுட்டி என்பது பலருக்குத் தெரியாது. 1930இல் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் ரில்லட், பிரான்சிஸ் என்ற இருவர் நியூமோனியா நோயாளரின் குருதியை ஆராய்ந்தார்கள். நியூமோகொக்கசு என்ற பற்றீரியாவிலிருந்து பிரித்தெடுத்த 'சி' என்னும் மாப்பொருட் கூறோடு நோயாளரின் குருதி நீர்ப்பாயத்தைச் சேர்த்தபோது அது கலங்கியது. நோய் தணிந்த பிறகு எடுத்த குருதி கலங்கவில்லை. அந்த 'சி'யோடு தாக்கமுறும் புரதம் என்பதுதான் பெயரின் பொருள். ஈரலில் உருவாகும் இந்தப் புரதம் நியூமோனியாவுக்கு மட்டும் உரியதல்ல என்பது பின்னர் தெரியவந்தது. உடலில் எங்கே அழற்சி வந்தாலும் ஏறும். பல்லில் சீழ் கட்டினாலும், மூட்டுவாதத்திலும் ஏறும். ஆகவே "சி.ஆர்.பி. கூட" என்பதை வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாது.

ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டால் நல்ல விடை தரும். குருதியில் அதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 19 மணித்தியாலம் எடுக்கும். அழற்சிக்கான தூண்டல் நின்றுவிட்டால் ஒவ்வொரு நாளும் பாதிக்கு மேல் விழவேண்டும். நியூமோனியாவுக்கு நுண்ணுயிர்கொல்லி தொடங்கி மூன்றாம், நான்காம் நாளில் அது விழாமல் நின்றால் நாங்கள் மறுபடி யோசிக்கத் தொடங்குவோம்: மருந்து பிழையா, சுவாசப்பையைச் சுற்றிச் சீழ் கட்டிவிட்டதா, இது உண்மையில் காசநோயா, புற்றுக்கட்டி ஒன்று காற்றுக்குழாயை அடைத்துக்கொண்டிருக்கிறதா? தனி ஓர் எண் தராத செய்தியை இரண்டு எண்களுக்கு இடையிலான சரிவு தருகிறது.

இன்னொரு கேள்விக்கும் அது உதவும்: நுண்ணுயிர்கொல்லி தேவைதானா? நாட்பட்ட சுவாச அடைப்பு நோய் உள்ளவர்களுக்குத் திடீரென இளைப்புக் கூடும்போது நுண்ணுயிர்கொல்லி கொடுப்பது வழக்கம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் குடும்ப வைத்தியர்களிடம் வந்த 653 பேரில் நடத்திய ஆய்வொன்று 2019இல் வெளியானது. விரல் நுனிக் குருதியில் சி.ஆர்.பி. பார்த்து முடிவெடுத்த பிரிவில் 57 சதவீதத்தினரும் பார்க்காத பிரிவில் 77 சதவீதத்தினரும் நுண்ணுயிர்கொல்லி எடுத்தார்கள். குறைவாக எடுத்தவர்களுக்கு அதனால் தீங்கு நேரவில்லை. மருந்துக்கு அடங்காத பற்றீரியாக்கள் பெருகும் இந்தக் காலத்தில் இது சிறிய இலாபமல்ல.

இடையில் ஒரு வீட்டுக் குறிப்பு. சில நாடுகளில் சி.ஆர்.பி.யை லீற்றருக்கு மில்லிகிராமில் எழுதுவார்கள், சில இடங்களில் டெசிலீற்றருக்கு மில்லிகிராமில். கனடாவில் உள்ள மகள் "என்னுடையது 5, அம்மாவுடையது 50, பத்து மடங்கு" என்று பதறுவாள். இரண்டும் ஒரே அளவாக இருக்கலாம். எண்ணை அனுப்பும்போது அலகையும் சேர்த்துப் படம் எடுங்கள், திகதியையும் மறைக்காதீர்கள்.

அடுத்தது கசம். எங்கள் பேத்திமார் அந்தச் சொல்லையே வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள், "நெஞ்சு வருத்தம்" என்பார்கள். இன்றும் கலியாணம் பேசும் வீட்டில் அது மறைக்கப்படுகிற சொல். மறைப்பதால் பிந்தி வருகிறார்கள். ஆறு மாத மருந்தில் குணமாகக்கூடிய, இலங்கையில் அரசு இலவசமாகவே சிகிச்சை தரும் நோய் என்பதை நாங்கள் ஒவ்வொரு கிழமையும் யாருக்காவது முதன்முறையாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

1882 மார்ச் 24ஆம் திகதி பேர்லினில் ரொபேட் கொக் காசநோய்க் கிருமியை அறிவித்தார். அன்று முதல் இன்று வரை முதன்மைச் சுட்டி கிருமிதான். சளியைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்கள். மலிவானது, அழகானது, ஆனால் கூர்மை குறைந்தது. ஒரு மில்லிலீற்றர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருந்தால்தான் கண்ணில் படும். கிருமியின் டி.என்.ஏ.யைப் பெருக்கிக் கண்டறியும் ஜீன் எக்ஸ்பேர்ட் முறையை 2010 டிசெம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றது. அதற்கு ஏறத்தாழ 130 கிருமி போதும். இரண்டு மணித்தியாலத்துக்குள் விடை. ரிபாம்பிசின் மருந்துக்குக் கிருமி அடங்குமா, அடங்காதா என்பதையும் அதே சோதனை சொல்லிவிடும். முன்பு வளர்ப்பு ஊடகத்தில் கிருமி முளைக்கும்வரை கிழமைக்கணக்கில் காத்திருந்து அறிந்த செய்தி அது.

இவ்வளவு திறமான சோதனை, "மருந்து வேலை செய்கிறதா?" என்ற கேள்விக்குப் பயனற்றது. இறந்த கிருமிக்கும் டி.என்.ஏ. உண்டு. மருந்து கிருமிகளைக் கொன்ற பின்னரும் அவற்றின் எச்சம் சளியில் வந்துகொண்டிருக்கும். கருவி உயிரையும் பிணத்தையும் வேறுபடுத்தாது. ஆகவே சிகிச்சையைக் கண்காணிக்க நாங்கள் பழைய நுணுக்குக்காட்டிக்கும், உயிருள்ள கிருமி மட்டுமே முளைக்கும் வளர்ப்புச் சோதனைக்கும் திரும்பிவிடுகிறோம். மருந்தை ஒழுங்காகக் குடித்து, பசி வந்து, எடை ஏறியிருக்கும் ஒரு பெண்ணுக்குக் குடும்பத்தார் ஆசைப்பட்டுத் தனியார் ஆய்வுகூடத்தில் மறுபடி இந்தச் சோதனையை எடுத்து, "இன்னும் இருக்காம்" என்று அழுதுகொண்டு வருவதைக் காண்கிறோம். அவளிடம் சொல்லவேண்டியது: அது கிருமியின் எலும்புக்கூடு, அம்மா.

இதன் மறுபக்கமும் உண்டு. இரண்டு மாதத்தில் இருமல் நின்றுவிடும். சளிச் சோதனையிலும் கிருமி காணாது. மருந்தை நிறுத்திவிடத் தோன்றும். 'காணவில்லை' என்பது 10,000க்குக் கீழே போய்விட்டது என்பது மட்டுமே. எஞ்சியிருக்கும் மெதுவான கிருமிகளுக்காகத்தான் மிகுதி நான்கு மாதம்.

கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மான்ரூ சோதனையும், அதன் நவீன வடிவமான குருதிச் சோதனையும் இன்னொரு கேள்விக்கானவை: இந்த உடல் இக்கிருமியை எப்போதாவது சந்தித்திருக்கிறதா? சந்தித்தது இப்போது நோயாக இருக்கிறதா என்று அவற்றுக்குத் தெரியாது. சிகிச்சை முடிந்த பிறகும் அவை பெரும்பாலும் மாறாமலே இருக்கும். வெளிநாட்டு வீசாவுக்காக எடுத்த இந்தச் சோதனை 'பொசிற்றிவ்' என்று வந்ததும் வீடே இடிந்துபோய் இருந்த குடும்பங்கள் உண்டு. எக்ஸ்ரேயும் சளியும் சேர்ந்து சொல்லாமல் அது நோய் அல்ல.

இனி, இந்த மண்டபத்துக்கே உரிய ஒரு செய்தி. பாகிஸ்தானின் றாவல்பிண்டியில் காசநோய்ச் சந்தேகத்தோடு வந்த 3,000க்கும் மேற்பட்ட ஆண்களையும் பெண்களையும் வைத்து நடத்திய ஆய்வொன்று 2007இல் வெளியானது. பாதிப் பேருக்குச் சளி எப்படிக் கொடுப்பது என்று சில நிமிடம் விளக்கினார்கள், மற்றப் பாதிப் பேருக்குக் குப்பியை மட்டும் கொடுத்தார்கள். விளக்கம் பெறாத பெண்களில் 8 சதவீதத்தினருக்குக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது, விளக்கம் பெற்றவர்களில் 13 சதவீதத்தினருக்கு. ஆண்களில் வித்தியாசம் எதுவுமில்லை. புதிய கருவியும் இல்லை, புதிய சாயமும் இல்லை. பெண்கள் குப்பியில் துப்பிக் கொடுத்தது உமிழ்நீர், அவ்வளவுதான். காரியதல், துப்புதல் எல்லாம் பெண்பிள்ளைகளுக்கு ஆகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாங்கள். சிற்றுண்டிச்சாலைக்குப் பின்னால் இருமினால்கூட மாணவ தலைவி திரும்பிப் பார்ப்பாள். அந்த நல்லொழுக்கம் குப்பிவரை வந்து சுட்டியையே மறைத்துவிடுகிறது. கோடிக்கணக்கில் விலைபோகும் இயந்திரத்துக்கும் உமிழ்நீரில் கிருமியைக் காட்டத் தெரியாது.

ஆஸ்துமாவுக்கு வருவோம், ஊரில் தொய்வு, முட்டு. இங்கே நாங்கள் பார்க்கும் சுட்டி இயோசின் நாடி என்ற வெண்குழியம். இயோசின் என்ற சாயத்தை ஈர்த்துச் சிவப்பாகத் தெரிவதால் போல் ஏர்லிக் 1879இல் விவரித்துப் பெயரிட்ட கலம். சில ஆஸ்துமாக்காரரின் காற்றுக்குழாய்ச் சுவரில் இக்கலங்கள் மொய்த்திருக்கும், சிலரில் இராது. வெளியே கேட்கும் முட்டு இரண்டிலும் ஒன்றே.

இவ்வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதை ஒரு மருந்தின் கதை காட்டும். இயோசின் நாடிகளை வளர்க்கும் சமிக்ஞையைத் தடுக்கும் மெப்போலிசுமாப் என்ற மருந்தை 362 ஆஸ்துமா நோயாளரில் சோதித்தார்கள். 2007இல் வந்த முடிவு ஏமாற்றம்: குறிப்பிடத்தக்க பயனில்லை. மருந்து கைவிடப்படும் நிலை. ஆனால் சளியில் இயோசின் நாடி மிகுந்திருந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து இரண்டு சிறிய குழுக்கள், ஒன்று இங்கிலாந்திலும் மற்றது கனடாவிலும், அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தன. 2009இல் இரண்டும் ஒரே விடையைத் தந்தன: கடும் தாக்குதல்கள் தெளிவாகக் குறைந்தன. 2015இல் அமெரிக்காவில் அம்மருந்து அங்கீகாரம் பெற்றது. இடையில் மருந்தில் ஒரு அணுவும் மாறவில்லை. யாருக்குக் கொடுப்பது என்ற கேள்வி மட்டும் கேட்கப்பட்டது.

விலையுயர்ந்த மருந்து இல்லாத இடத்திலும் சுட்டி உதவும். லெஸ்ரரில் 74 பேரில் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், பாதிப் பேருக்கு வழமைபோலும் மற்றவர்களுக்குச் சளியின் இயோசின் நாடியைப் பார்த்தும் ஸ்ரெரொயிட் அளவை மாற்றினார்கள். ஓராண்டில் வழமைப் பிரிவில் 109 கடும் தாக்குதல்கள், சுட்டியைப் பின்பற்றிய பிரிவில் 35. கொடுத்த மொத்த ஸ்ரெரொயிட்டின் அளவில் வித்தியாசமில்லை; தேவையானவருக்குக் கூட்டியும் தேவையற்றவருக்குக் குறைத்தும் கொடுத்தார்கள். சளியை எண்ணுவது மினக்கெட்ட வேலை என்பதால் இப்போது குருதியில் எண்ணுகிறோம், அல்லது வெளிவிடும் மூச்சில் நைத்திரிக் ஒட்சைட்டை அளக்கிறோம். விறகடுப்புப் புகையிலோ சிகரெட் புகையிலோ சுவாசப்பை பழுதான அடைப்பு நோயாளரிலும் இதே எண் உதவுகிறது. மைக்ரோலீற்றருக்கு 300க்கு மேல் என்றால் உறிஞ்சும் ஸ்ரெரொயிட் பயன்தரும் வாய்ப்பு அதிகம், 100க்குக் கீழே என்றால் பயன் குறைவு. அந்த மருந்து இவர்களில் நியூமோனியா வரும் ஆபத்தைக் கூட்டும் என்பதால், பயனில்லாதவருக்குக் கொடுக்காமல் விடுவதும் சிகிச்சைதான்.

எங்கள் மண்ணில் இங்கே ஒரு பொறி உண்டு. குடலில் பூச்சி இருந்தாலும் இயோசின் நாடி ஏறும். யானைக்கால் நோய்க் கிருமிக்கு உடல் காட்டும் ஒருவகை அளவுமீறிய எதிர்ப்பில் இரவு இருமலும் முட்டும் வரும், எண்ணிக்கை 3,000ஐயும் தாண்டும். ஆஸ்துமா என்று நினைத்து மருந்தை உறிஞ்சிக்கொண்டே இருப்பார்கள். அதற்கு வேறு மாத்திரை. யானைக்கால் நோய் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை விடுபட்டதை 2016இல் உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஆனாலும் பழைய நோயாளியையும் பயணம் செய்தவரையும் மறக்க முடியாது. லண்டனில் ஒரு பொருள் தரும் எண்ணுக்கு இங்கே பூச்சி மருந்து கொடுத்த பிறகுதான் பொருள் சொல்லலாம். அதோடு, இரண்டு நாள் பிரெட்னிசொலோன் விழுங்கிவிட்டு எடுத்த குருதியில் இயோசின் நாடிகள் காணாமற்போயிருக்கும். "முட்டுக்கு டொக்டர் சின்னக் குளிசை தந்தவர்" என்பதை எங்களிடம் மறைக்கவேண்டாம்.

டி-டைமர் பற்றிச் சுருக்கமாக. குருதிக்கட்டி கரையும்போது வெளிவரும் துண்டு அது. சுவாசப்பை நாடியில் கட்டி அடைத்திருக்குமோ என்ற குறைந்த சந்தேகம் உள்ளவரில் டி-டைமர் குறைவாக இருந்தால் ஸ்கான் இல்லாமலே வீட்டுக்கு அனுப்பலாம். இது 'இல்லை' என்று சொல்ல மட்டும் பழகிய சுட்டி. கர்ப்பத்தில், சத்திரசிகிச்சைக்குப் பின், தொற்றில், முதுமையில் எல்லாம் தானாகவே ஏறும். சும்மா எடுத்துப் பார்த்து ஏறியிருக்கிறது என்று பயப்படுவதில் பொருளில்லை. ஆனால் நீண்ட விமானப் பயணத்தில் வந்து இறங்கிய யாருக்காவது ஒரு கால் மட்டும் வீங்கி மூச்சும் திணறினால் சுட்டியைத் தேடி அலையாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

சுவாசப்பை தழும்பாகி இறுகும் நோய்களில் நிலைமை இன்னும் தெளிவில்லை. கே.எல்-6 என்ற புரதத்தை ஜப்பானில் நாளாந்த வேலையிலேயே அளக்கிறார்கள். அமெரிக்க, ஐரோப்பிய சங்கங்கள், ஜப்பானியச் சங்கத்தையும் சேர்த்துக்கொண்டு, 2018இல் வெளியிட்ட வழிகாட்டியோ காரணம் தெரியாத தழும்பு நோயை மற்றவற்றிலிருந்து பிரித்தறிய அதை அளக்கவேண்டாம் என்கிறது. ஆகவே நாங்கள் அங்கே தேடுவது மூட்டுவாதத்துக்கும் தோல் இறுக்க நோய்க்கும் உரிய பிறபொருளெதிரிகளை. அந்நோய்கள் பெண்களிலேயே அதிகம். விரல்கள் குளிரில் வெளிறுவதும் மூட்டு நோவும் மூச்சிளைப்போடு தொடர்புள்ளவை என்று எங்களிடம் வருபவர்கள் நினைப்பதில்லை, கேட்டால்தான் சொல்வார்கள்.

பெண்களிலேயே, ஏறத்தாழப் பெண்களில் மட்டுமே, வரும் ஒரு அபூர்வ நோயை இங்கே சொல்லாமல் விட முடியாது. லாம் என்று சுருக்கமாக அழைப்போம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்ணின் சுவாசப்பை முழுவதும் மெல்லிய சுவருடைய நீர்க்குமிழி போன்ற வெற்றிடங்கள் தோன்றும். ஆஸ்துமா என்று ஆண்டுக்கணக்கில் மருந்து எடுப்பாள். ஒருநாள் குமிழி உடைந்து காற்று வெளியேறிச் சுவாசப்பை சுருங்கிவிடும், சிலருக்கு அது திரும்பத்திரும்ப நடக்கும். முன்பு நோயை உறுதிசெய்ய நெஞ்சைத் திறந்து சதைத்துண்டு எடுக்கவேண்டியிருந்தது. இப்போது சி.ரி. ஸ்கானில் உரிய தோற்றம் இருந்து, வி.ஈ.ஜி.எப்-டி என்ற புரதம் குருதியில் மில்லிலீற்றருக்கு 800 பிக்கோகிராமை எட்டியிருந்தால் அந்தச் சத்திரசிகிச்சை தேவையில்லை. 800க்குக் குறைந்தால் நோய் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக்கூடாது. 2011இல் வெளியான ஆய்வில் சிரோலிமஸ் என்ற மருந்து சுவாசப்பை மேலும் கெடுவதைத் தடுத்தது, அந்தப் புரதமும் குறைந்தது. மருந்தை நிறுத்தியதும் மூச்சு மறுபடி குறையத் தொடங்கியது. கண்டறிதல், கண்காணிப்பு என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஓரளவு விடைசொல்லும் அரிய சுட்டி இது. எல்லா நாடுகளிலும் இச்சோதனை கிடைப்பதில்லை என்பது உண்மை. ஆனால் இளம் பெண்ணுக்குச் சுவாசப்பை சுருங்கிற்று என்றால் ஒரு ஸ்கான் எடுக்கவேண்டும் என்பதற்குச் சோதனை தேவையில்லை.

கடைசியாகப் புற்றுநோய். "அவ சிகரெட்டைத் தொட்டதே இல்லையே" என்பதுதான் குடும்பத்தார் முதலில் சொல்வது. ஆசியாவில் சுவாசப்பைப் புற்றுநோய் வரும் பெண்களில் பலர் புகைபிடிக்காதவர்கள்தான். ஜெபிற்றினிப் என்ற மாத்திரை 2002இல் ஜப்பானிலும் 2003இல் அமெரிக்காவிலும் பாவனைக்கு வந்தபோது பெரும்பாலானோருக்கு ஒன்றும் செய்யவில்லை. ஒருசிலருக்கு மட்டும் கட்டி கரைந்தது. அவர்களில் பெண்களும் ஆசியர்களும் புகைபிடிக்காதவர்களும் மிகுந்திருந்தார்கள். 2004இல் காரணம் தெரிந்தது: அவர்களின் கட்டியில் ஈ.ஜி.எப்.ஆர். என்ற பரம்பரையலகில் ஒரு மாற்றம். இதைப் பொதுவாகக் கவனிக்காமல் எல்லோருக்கும் கொடுத்ததில் ஆயுள் நீடித்ததற்குச் சான்றில்லை என்று 2005இல் அமெரிக்கா அம்மருந்தைக் கட்டுப்படுத்தியது.

பின்னர் கிழக்காசியாவில், புகைபிடிக்காத அல்லது எப்போதோ சிறிது பிடித்து விட்டுவிட்ட 1,217 பேரில் நடத்திய ஆய்வு 2009இல் வெளிவந்தது. அம்மாற்றம் இருந்தவர்களில் 71 சதவீதத்தினருக்கு மாத்திரையால் கட்டி சுருங்கியது. மாற்றம் இல்லாதவர்களில் 1 சதவீதத்தினருக்கு. இரண்டாம் பிரிவினருக்கு வழமையான கீமோதெரப்பியே மேலானதாக இருந்தது. மாத்திரையை நம்பியவர்களில் நோய் விரைவாக முன்னேறியது. பெண், ஆசியர், புகைபிடிக்காதவர் என்ற மூன்று அடையாளத்தையும் வைத்து ஊகித்துக் கொடுத்தாலும் போதாது, கட்டியின் துண்டையே சோதிக்கவேண்டும் என்பது இதனால் நிலைபெற்றது. ஆகவே "சதை எடுத்தால் புற்றுநோய் பரவும்" என்று சொல்லித் துண்டெடுக்க மறுக்கும் மாமாமாருக்கு நீங்கள்தான் பதில் சொல்லவேண்டும். துண்டு எடுக்க முடியாத இடத்தில் குருதியில் மிதக்கும் கட்டியின் டி.என்.ஏ.யைத் தேடும் முறையும் 2016 முதல் பாவனையில் இருக்கிறது. அதில் கண்டால் நம்பலாம், காணாவிட்டால் துண்டெடுத்தே பார்க்கவேண்டும்.

இதைக் கேட்டதும் சிலருக்கு வேறொன்று நினைவுக்கு வரும். வெளிநாட்டுப் பிள்ளைகள் பெற்றாரின் பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுக்கும் 'முழுப் பரிசோதனைப் பொதி'. அதில் சி.ஈ.ஏ. போன்ற புற்றுநோய்ச் சுட்டிகளும் ஐந்தாறு இருக்கும். நோய்க்குறி எதுவும் இல்லாதவரில் சுவாசப்பைப் புற்றுநோயைத் தேட அவை உதவா. சிகரெட்டிலும் ஏறும், வேறு அழற்சிகளிலும் ஏறும், தொடக்கப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். பல ஆண்டு கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சு சி.ரி. ஸ்கான் பயன் தரும். அமெரிக்காவில் 2011இல் வெளியான பெரிய ஆய்வில் எக்ஸ்ரேயோடு ஒப்பிட அது சுவாசப்பைப் புற்றுநோய் இறப்பை 20 சதவீதம் குறைத்தது. அப்பாவுக்கு அதைக் கேட்டுப் பாருங்கள். அம்மாவின் பொதிக்காசில் குசினிக்குப் புகைபோக்கி வைக்கலாம், அல்லது விறகடுப்புக்குப் பதிலாகக் காஸ் அடுப்பு வாங்கலாம்.

எங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். சளி கொடுக்கும் முறையைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி, மண்டப வாசலில் கையேடுகளோடு வைத்திருக்கிறோம். வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, இரண்டு மூன்று தடவை ஆழமாக மூச்சை இழுத்து, கடைசி மூச்சைச் சற்று அடக்கி, நெஞ்சின் அடியிலிருந்து பலமாக இருமி, வெளிறிய நுரை வந்தால் விட்டு, தடித்த சளி வரும்வரை மறுபடி முயன்று, ஆட்கள் இல்லாத திறந்த வெளியில் நின்று, குப்பியின் மூடியை இறுக்கிக் கொடுக்கவேண்டும். இரண்டு கிழமைக்கு மேல் இருமும் ஒருவர் வீட்டிலோ அயலிலோ இருந்தால் ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். மாவட்ட மார்புநோய்ச் சிகிச்சை நிலையத்தில் சளியை வாங்கிக்கொள்வார்கள், காசு இல்லை.